வீட்டுக்கு வெளியே வைஃபை கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசல், கேட், கார் ஷெட், மொட்டை மாடி என்று வெளியே வைஃபை கேமரா மாட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பதில்கள் எந்தக் கம்பெனி கேமராவுக்கும் பொருந்தும். படிக்கத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: சுவரில் டிரில் போடுவதுதான் கடைசி வேலை. கீழே வரும் பிரச்சினைகளில் பாதி, முதலில் ஓட்டை போட்டுவிட்டுப் பிறகு யோசித்ததால் வந்தவை.

வயர்லெஸ்னு சொல்லித்தானே வித்தாங்க, அப்புறம் எதுக்கு வயர் இழுக்கணும்?

வயர்லெஸ் என்றால் வீடியோ போகிற வயர் இல்லை என்று மட்டுமே பொருள். கேமராவுக்குக் கரண்ட் வேண்டும். அடாப்டரில் ஓடும் வைஃபை கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் தேவை. கரண்ட் வயரும் வேண்டாமென்றால் பேட்டரி கேமராதான் வழி. அதை அவ்வப்போது கழற்றிச் சார்ஜ் போட வேண்டும், அல்லது சோலார் பேனல் சேர்க்க வேண்டும்.

வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'டிசி 12 வோல்ட் 1 ஆம்பியர்' அல்லது '5 வோல்ட் 2 ஆம்பியர்' என்று மட்டும் போட்டிருந்தால் அது அடாப்டர் கேமரா. பேட்டரி கேமராவாக இருந்தால் மில்லி ஆம்பியர்-மணி (mAh) கணக்கும் இருக்கும்.

அடாப்டர் கேமராவா, பேட்டரி கேமராவா? எங்க வீட்டுக்கு எது சரி?

கரண்ட் கொடுக்க வழி இருக்கிற இடத்தில் அடாப்டர் கேமராவே வையுங்கள். அது 24 மணி நேரமும் பதிவு செய்யும். பேட்டரி கேமரா பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும், அசைவு தெரிந்தால் மட்டும் விழித்துச் சில விநாடிகள் பதிந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். திருட்டு நடந்தபின் 'ஒன்றரை மணிக்கு முன்னால் தெருவில் யார் நின்றது' என்று பார்க்க வேண்டியிருந்தால் அதில் எதுவும் இருக்காது.

வாடகை வீடு, சுவரைத் தொட ஓனர் சம்மதிக்கவில்லை, அல்லது ஆள் நடமாட்டம் குறைந்த பின்பக்கச் சந்து என்றால் பேட்டரி கேமரா போதும். வைஃபையே எட்டாத தோப்புக்கு 4ஜி சிம் கேமரா உண்டு. அது கடைசியில் தனிக் கேள்வியாக வருகிறது.

ஆப்ல சேர்க்கவே முடியல. 'நெட்வொர்க் இணைப்பு தோல்வி'ன்னே வருது.

பெரும்பாலான வெளிப்புறக் கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் ரௌட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. உங்கள் போன் 5-இல் இருக்கும், கேமரா 2.4-ஐத் தேடும். ரௌட்டரின் செட்டிங் பக்கத்துக்குப் போய் இரண்டையும் வேறு வேறு பெயராகப் பிரியுங்கள். 'வீடு', 'வீடு-5ஜி' என்று இருந்தால் குழப்பமே வராது. போனை 2.4-இல் இணைத்துக்கொண்டு கேமராவைச் சேருங்கள். சேர்த்த பிறகு போன் எதில் இருந்தாலும் பரவாயில்லை.

அதன்பிறகும் சேரவில்லையா? இதே வரிசையில் பாருங்கள். ரௌட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். வைஃபை பெயர் மறைத்து வைக்கப்பட்டிருந்தால் திறந்துவிடுங்கள். பாஸ்வேர்டில் இடைவெளியோ வினோதமான குறிகளோ இருந்தால் எழுத்தும் எண்ணுமாக மாற்றிப் பாருங்கள். போனில் விபிஎன் ஓடினால் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதி கொடுக்காவிட்டால் வைஃபை பெயரையே அதனால் படிக்க முடியாது. பலர் பயந்து மறுத்துவிட்டு இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அனுமதி கொடுத்துச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு புது முயற்சிக்கும் முன் ரீசெட் பட்டனை 5 முதல் 10 விநாடி வரை அழுத்துங்கள். பாதியில் நின்ற கேமரா, ரீசெட் ஆகாமல் மறுபடி தேடாது.

போன்ல வர்ற க்யூஆர் கோடை கேமராவுக்குக் காட்டறேன். அது கண்டுக்கவே மாட்டேங்குது.

லென்ஸ் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு போன் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, லென்ஸுக்கு நேராக 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளிப்புற லென்ஸ்கள் தூரத்துக்கு ஃபோகஸ் ஆனவை. மிக அருகில் காட்டினால் கோடு மங்கிவிடும். வெயிலில் நின்று காட்டாதீர்கள், திரையில் பிரதிபலிப்பு விழும்.

அதுவும் ஆகாவிட்டால் ஆப்பில் ஏபி மோடு அல்லது ஹாட்ஸ்பாட் முறை இருக்கிறதா என்று தேடுங்கள். கேமரா தானே ஒரு சிறு வைஃபை உண்டாக்கும், போனை அதில் இணைக்க வேண்டும். அந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்பதால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஹால்ல வெச்சப்ப சூப்பரா ஓடிச்சு. கேட்டுல மாட்டினதும் அடிக்கடி ஆஃப்லைன் ஆகுது. எங்க ப்ளான் 100 எம்பிபிஎஸ் ஆச்சே!

ப்ளான் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கேமராவுக்கு 1 முதல் 2 எம்பிபிஎஸ் போதும். பிரச்சினை, ரௌட்டருக்கும் கேட்டுக்கும் நடுவே இருக்கும் பொருள்களில்தான். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், இரும்பு கிரில், ரோலிங் ஷட்டர், தகரக் கூரை, நிறைந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சிக்னலை விழுங்கும். கேமராவின் ஆன்டெனா போனுடையதைவிடப் பெரும்பாலும் பலவீனமானது. ஆகவே 'போனில் ரெண்டு கோடு காட்டுதே' என்பது போதாது.

சிக்னலை எண்ணாக அளந்து பாருங்கள். வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, கேமரா வரப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில் போனைப் பிடியுங்கள். வாசற்கதவு ராத்திரி எப்படி மூடியிருக்குமோ அப்படி மூடிவிட்டு அளந்து பாருங்கள். எண் மைனஸில் வரும்: −60 அல்லது அதைவிட நல்லதாக −50 என்றால் கவலையில்லை. −67 வரை சமாளிக்கலாம். −70-ஐத் தாண்டினால் படம் நிற்கும், −80-ஐ நெருங்கினால் கேமரா விழுந்து எழுந்துகொண்டே இருக்கும்.

எண் எல்லையில் இருந்தால் முதலில் ரௌட்டரை நகர்த்துங்கள். டிவி அலமாரிக்குள்ளோ ஸ்டீல் பீரோ பின்னாலோ இருப்பதை எடுத்து, வாசல் பக்க ஜன்னல் அருகில் தலை உயரத்துக்கு மேல் வைத்தாலே எண் நன்றாக ஏறும். செலவே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸின் சேனலை 'ஆட்டோ'விலிருந்து 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்துவதற்கு மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். இந்த மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள்.

ரிப்பீட்டர் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?

வைக்கிற இடத்தைப் பொறுத்தது. கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் பலனில்லை, ஏனென்றால் அங்கே ரிப்பீட்டருக்கே நல்ல சிக்னல் கிடைக்காது. ரௌட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில், −60 அளவில் சிக்னல் வரும் இடத்தில் வைக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒன்றிரண்டு கேமராவுக்கு அது போதும், நாலைந்துக்குப் போதாது.

எங்கள் பரிந்துரை வேறு. ரௌட்டரிலிருந்து வாசல் பக்க அறை வரை ஒரு கேட்6 கேபிள் இழுத்து, பழைய ரௌட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது கேபிளில் வரும் இணைப்பை அங்கே வைஃபையாகத் தரும் பெட்டியாக, போடுங்கள். 100 மீட்டர் வரை கேபிளில் இழப்பு பற்றிக் கவலை வேண்டாம். பழைய ரௌட்டரில் டிஎச்சிபி-யை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வான் (WAN) போர்ட்டில் செருகாமல் லேன் (LAN) போர்ட்டில் செருக வேண்டும். ஒருமுறை செய்த வேலை வருடக்கணக்கில் நிற்கும்.

பகல் முழுக்க ஒழுங்கா இருக்கு. ராத்திரி ஆனா தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. கேமரா பீஸ் போயிடுச்சா?

கேமராவைக் குற்றம் சொல்லும் முன் வயரைப் பாருங்கள். இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கும், கேமரா இழுக்கும் கரண்ட் இரட்டிப்புக்கு மேல் ஆகிவிடும். வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் விழும்.

கணக்கு இதுதான். 24 கேஜ் செம்பு வயரில் 10 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சேர்த்து சுமார் 1.7 ஓம் தடை. 5 வோல்ட் கேமரா பகலில் 0.4 ஆம்பியர் இழுத்தால் 0.7 வோல்ட் இழப்பு, 4.3 வோல்ட் போய்ச் சேருகிறது, எப்படியோ ஓடுகிறது. ராத்திரி 0.9 ஆம்பியர் இழுக்கும்போது 1.5 வோல்ட் போய்விடும். மிஞ்சுவது 3.5. கேமரா அணைகிறது, எல்இடி அணைந்ததும் வோல்ட்டேஜ் ஏறுகிறது, மறுபடி உயிர் வருகிறது. விடியும்வரை இதே சுற்று. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரென்றால் இழப்பு இன்னும் அதிகம்.

5 வோல்ட் கேமராவுக்கு யுஎஸ்பி நீட்டிப்பு வயரை 3 மீட்டருக்கு மேல் போடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 230 வோல்ட் லைனையே கேமரா அருகில் மூடிய பெட்டி வரை கொண்டுபோய், அடாப்டரை அதற்குள் வைப்பது சரியான வழி. 12 வோல்ட் கேமராவுக்கு இதே வயரில் இழப்பு பெரிதாகத் தெரியாது. அதற்காக 5 வோல்ட் கேமராவில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள், அந்த நொடியே எரிந்துவிடும்.

கரண்ட் போனா கேமராவும் போயிடுதே, அப்புறம் என்ன பாதுகாப்பு?

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ரௌட்டர், ஃபைபர் பெட்டி, கேமரா அடாப்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேமரா இன்வெர்ட்டரில், ரௌட்டர் சாதாரண லைனில் என்றால் மெமரி கார்டில் பதிவாகும், உங்கள் போனுக்கு எதுவும் வராது. மாறும் கணத்தில் ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். அதில் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி 3.7 வோல்ட் கணக்கில் சொல்லப்படுவது. 8,800 என்று இருந்தால் சுமார் 32 வாட்-மணி. 10 வாட் இழுக்கும் ரௌட்டருக்கு இழப்பு போக இரண்டரை மணி நேரம் தாங்கும்.

ஐபி66-னு போட்டிருந்தும் முதல் மழைக்கே போயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஐபி எண்ணில் முதல் 6 தூசிக்கு. இரண்டாவது எண் தண்ணீருக்கு: 5 என்றால் பீய்ச்சும் தண்ணீர், 6 என்றால் வேகமாகப் பீய்ச்சுவது, 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இந்தச் சான்று கேமரா உடலுக்கு. பின்னால் வால் போலத் தொங்கும் வயரின் நுனியில் இருக்கும் பவர் ஜாக்குக்கும் நெட்வொர்க் போர்ட்டுக்கும் அல்ல. செத்துப்போன கேமராவின் அந்த ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பின்னைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். தண்ணீர் போன வழி அதுதான்.

இணைப்பு முழுவதையும் 4×4 அங்குல பிவிசி ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் கேமராவை மாட்டுங்கள். வயர் பெட்டிக்குள் கீழிருந்து நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு கை அகலத்துக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வயர்வழி ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் மேற்புறமும் பக்கங்களும் சிலிக்கான் பூசுங்கள், அடிப்புறத்தைப் பூசாதீர்கள். உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும். வெளிச்சுவரில் ஓடும் வயரை முக்கால் அங்குல பிவிசி பைப்புக்குள் விடுங்கள். அணில் கடித்து நின்ற கேமராக்கள் நிறைய.

எவ்வளவு உயரத்துல மாட்டணும்? மேல வெச்சா எல்லாம் தெரியும்ல?

மேலே வைத்தால் தலையுச்சி தெரியும், முகம் தெரியாது. இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம், லேசான கீழ்ச்சாய்வு. அதுதான் கைக்கு எட்டாமலும் முகம் விழுந்தும் இருக்கும் உயரம்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அறிமுகமில்லாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காண, படத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராத் தொழிலில் நிலவும் சர்வதேசத் தரம். ஏற்கெனவே தெரிந்தவரைக் கண்டுகொள்ள 125 போதும். 1080பி கேமராவின் அகலம் 1,920 பிக்சல். அதை 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் அகலக் காட்சி. 90 டிகிரி லென்ஸில் அந்த அகலம் வருவது கேமராவிலிருந்து 3.8 மீட்டர் தூரத்தில். அதற்கு அப்பால் ஆள் நடப்பது தெரியும், முகத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. 4 மெகாபிக்சலில் இது 5 மீட்டரைத் தொடும். தெருமுனையில் போகும் பைக்கின் நம்பர் பிளேட்டை, அதுவும் ராத்திரி ஹெட்லைட் அடிக்கும்போது, இந்த வகைக் கேமராவிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே தெரு முழுக்க ஒரே கேமராவில் பிடிக்க ஆசைப்படாமல், ஆள் கட்டாயம் கடக்க வேண்டிய இடத்தை, அதாவது சின்ன கேட்டையோ படிக்கட்டின் அடியையோ, நான்கு மீட்டருக்குள் வருமாறு வையுங்கள்.

ராத்திரி படம் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி இருக்கு.

கேமராவின் அகச்சிவப்பு ஒளி அருகில் எதிலோ பட்டுத் திரும்பி வருகிறது. சன்ஷேடின் அடிப்பகுதி, வெள்ளையடித்த பக்கச் சுவர், மாட்டிய பைப் எதுவும் படத்தின் ஓரத்தில்கூட வரக் கூடாது. லென்ஸ் முன் ஒரே ஒரு சிலந்தி நூல் இருந்தாலும் ராத்திரியில் தடித்த வெள்ளைக் கயிறாகத் தெரியும். மாதம் ஒருமுறை நீண்ட கழியில் மென்மையான துணியைக் கட்டித் துடையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே இருந்து வெளியே பார்க்க வைத்தாலும் இதே கதிதான். அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆப்பில் அகச்சிவப்பை அணைத்துவிட்டு வெளியே ஒரு எல்இடி விளக்கு எரிய விடுங்கள்.

ஒரு நாளைக்கு நூறு அலர்ட் வருது. வெறுத்துப் போய் நோட்டிஃபிகேஷனையே ஆஃப் பண்ணிட்டேன்.

அலர்ட்டை அணைத்த கேமரா, நடந்து முடிந்ததைக் காட்ட மட்டுமே உதவும். அணைக்காமல் சரிசெய்யலாம். அடாப்டர் கேமராக்களில் பெரும்பாலானவை படத்தில் பிக்சல் மாறுவதை வைத்தே அசைவைக் கண்டுபிடிக்கின்றன. ஆடும் வாழையிலை, கொடியில் காயும் துணி, ஹெட்லைட் எல்லாம் அதற்கு அசைவுதான். ஆப்பில் 'மனிதர் மட்டும்' என்ற தேர்வைப் போடுங்கள். பிறகு கண்காணிப்புப் பகுதியை வரைந்து, தெருவையும் மரத்தையும் வெளியே விட்டுவிடுங்கள். உணர்திறனை நடுவில் வைத்து இரண்டு நாள் பாருங்கள்.

ராத்திரி மட்டும் குவிகிறதென்றால் பூச்சிகளும் பல்லியும். கேமரா அருகில் எரியும் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், அது லென்ஸ் மேலேயே ஓடும். விளக்கைக் கேமராவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீரும்.

பேட்டரி கேமராவுல ஆள் வர்றது வரவே மாட்டேங்குது, போற முதுகு மட்டும்தான் தெரியுது.

முதலில் சொன்னபடி அது தூங்கும் கேமரா. பிஐஆர் சென்சார் தட்டியெழுப்ப, அது விழித்துப் பதியத் தொடங்க ஒன்றிரண்டு விநாடி ஆகும். பிஐஆர் பார்ப்பது வெப்பம் நகர்வதை. நேராகக் கேமராவை நோக்கி வருகிறவரை அது தாமதமாகவே உணரும், குறுக்கே கடப்பவரை உடனே பிடிக்கும். எனவே நடைபாதைக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள்.

கத்திரி வெயில் மதியங்களில் சுவரும் தரையும் உடல் சூட்டை எட்டிவிடும்போது ஆளுக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் குறைந்து சென்சார் தவறவிடும். கேமரா பழுதில்லை, அந்த முறையின் எல்லை அது.

ஆறு மாசம் சார்ஜ் நிக்கும்னு போட்டிருந்தாங்க. ரெண்டு வாரத்துல தீந்துடுது.

ஆறு மாதக் கணக்கு, நாளைக்குச் சில முறை மட்டும் விழிக்கும் கேமராவுக்கு. தெருவைப் பார்த்து வைத்தால் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் விழிக்கும். நீங்கள் ஆப்பைத் திறந்து நேரலை பார்ப்பதும் பேட்டரியைத்தான் தின்னும். சிக்னல் மோசமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் திணறி அனுப்பி இன்னும் தின்னும். −70 கணக்கு இங்கேயும் பொருந்தும்.

சோலார் பேனல் வைப்பதானால் தமிழ்நாட்டில் தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில். காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரை மரநிழலோ தொட்டி நிழலோ விழக் கூடாது. தூசியையும் காக்கை எச்சத்தையும் அடிக்கடி கழுவுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நாள்கணக்கில் மூட்டமாக இருக்கும், அப்போது ஒருமுறை யுஎஸ்பியில் முழுச் சார்ஜ் போட்டுவிடுவது நல்லது. கோடையில் பேனல் மேல் வெயில் இருந்தும் சார்ஜ் ஏறாவிட்டால், பேட்டரி சுமார் 45 டிகிரிக்கு மேல் சூடானதால் உள் சர்க்யூட் நிறுத்தி வைத்திருக்கலாம். பேனல் வெயிலில், கேமரா நிழலில். அதற்குத்தான் இரண்டுக்கும் நடுவே வயர் கொடுத்திருக்கிறார்கள்.

64 ஜிபி கார்டு எத்தனை நாள் வரும்?

1 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு நாளுக்கு 10.8 ஜிபி. அப்படியானால் 64 ஜிபியில் ஐந்தரை நாள், 128-இல் பதினோரு நாள். 2 எம்பிபிஎஸ் என்றால் பாதி. வீடியோவைச் சுருக்கும் முறையில் எச்.265 தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள், எச்.264-ஐவிட இடம் வெகுவாக மிச்சமாகும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்புகிற வீட்டுக்கு 128-க்குக் குறையக் கூடாது.

கார்டு போட்டுத்தான் இருந்தேன். தேவைப்பட்ட அன்னிக்கு ரெக்கார்டிங்கே இல்ல.

மூன்று காரணங்கள். ஒன்று போலி கார்டு: 128 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 16 தான் இருக்கும், நிறைந்த பிறகு பதிவது எல்லாம் பாழ். வாங்கிய அன்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். இரண்டு, தேய்மானம்: ராப்பகலாக எழுதினால் சாதாரண போன் கார்டு தாங்காது. 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டு வாங்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

மூன்றாவது, கேமராவின் கடிகாரம். நேர மண்டலம் சீனாவில் நின்றிருந்தால் எல்லாம் இரண்டரை மணி நேரம் தள்ளிப் பதிவாகியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக் காட்சியை நாலரையில் தேட வேண்டும். ஆப்பில் கொல்கத்தா நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை ஏதோ ஒரு பழைய நாளைத் திறந்து ஓடுகிறதா என்று பார்ப்பது ஒன்றே உறுதி.

திருடன் கேமராவையே புடுங்கிட்டுப் போனா?

கார்டும் அவனோடு போகும். அதனால் முக்கியமான கேமராவின் பதிவுக்கு வீட்டுக்குள்ளும் ஒரு பிரதி வேண்டும். ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் வசதியுள்ள (வேறு கருவிக்கும் வீடியோ அனுப்பக்கூடிய) கேமராவானால், உள்ளே பீரோவிலோ பரணிலோ இருக்கும் என்விஆரில், அதாவது நெட்வொர்க் வழியே பதியும் பெட்டியில், பதியலாம். பேட்டரி கேமராக்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்குக் கட்டணக் கிளவுட்தான். இரண்டு கேமரா இருந்தால் ஒன்றை மற்றொன்று பார்க்கும்படி வையுங்கள்.

வீட்டு வைஃபைல தெளிவா தெரியுது, ஆபீஸ்ல இருந்து பார்த்தா சுத்திக்கிட்டே இருக்கு.

வெளியே பார்க்கும்போது வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான் கணக்கு. ஸ்பீடு டெஸ்டில் அந்த எண்ணைப் பாருங்கள். நான்கு கேமராவுக்கு 8 எம்பிபிஎஸ் மிச்சம் இருக்க வேண்டும். ஆப்பில் 'எச்டி'க்குப் பதில் 'எஸ்டி' தேர்வு செய்தாலே உடனே ஓடும். பதிவின் தரம் அதனால் குறையாது.

சிலர் ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்வார்கள், அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு நேரடி வழி திறந்துவிடுவது. செய்யாதீர்கள். பல இணைப்புகளில் உங்கள் ரௌட்டருக்குத் தனிப் பொது ஐபி (இணைய முகவரி) கிடையாது, ஆகவே அது வேலையே செய்யாது. வேலை செய்தால் இன்னும் ஆபத்து, உங்கள் கேமரா உலகத்துக்கே திறந்து நிற்கும்.

மாட்டிக் கொடுத்தவர் அவர் போன்லயே அக்கவுண்ட் போட்டுட்டார். எங்களுக்கு ஷேர் மட்டும்தான். பரவாயில்லையா?

கூடாது. உங்கள் வாசலை இன்னொருவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதோடு, ரீசெட் செய்தாலும் 'வேறு கணக்கில் இணைக்கப்பட்டது' என்று கேமரா உங்களை மறுக்கும். அவரைக் கூப்பிட்டு அவர் ஆப்பிலிருந்து நீக்கச் சொல்லுங்கள், பிறகு ரீசெட் செய்து உங்கள் எண்ணில் சேருங்கள். வீட்டார் மற்றவர்களுக்கு நீங்கள் ஷேர் கொடுங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஹேக் பண்ணிடுவாங்கன்னு பயமா இருக்கு.

பயத்தில் நியாயம் உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து இணையத்தையே தாக்கப் பயன்படுத்தியது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஆப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) இருந்தால் கேமராவை அதில் வையுங்கள். என்விஆர் வைத்திருப்பவர்கள் அதையும் அதே நெட்வொர்க்கில் வைத்து, சாதனங்களைத் தனிமைப்படுத்தும் தேர்வை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது.

இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையோடு சேர்ந்த கட்டாயப் பதிவு 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இல்லாத பெயர் தெரியாத கேமராவை விலைக்காக வாங்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் 'உங்க கேமரா எங்க வீட்டைப் பார்க்குது'ன்னு சண்டைக்கு வர்றார்.

அவர் சொல்வதில் உண்மை இருந்தால் திருப்புங்கள். வீட்டுத் தேவைக்குத் தனிநபர் செய்வதற்கு 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னலோ படுக்கையறையோ கேமராவில் விழுவது குற்ற வழக்கு வரை போகக்கூடிய விஷயம். ஆப்பில் பிரைவசி மாஸ்க் இருந்தால் அவர் ஜன்னலைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்து, அவரைக் கூப்பிட்டு உங்கள் போனிலேயே காட்டுங்கள். மைக்கையும் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

தோப்புல வைஃபை கிடையாது. சிம் கேமரா போடலாமா?

போடலாம். முதலில் அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் 4ஜி நன்றாக எடுக்கிறது என்று வேறு வேறு சிம்களைப் போனில் போட்டுப் பாருங்கள். சிம்மைப் போனில் ஒருமுறை இயக்கி, சிம்முக்கு பின் நம்பர் (PIN) பூட்டு இருந்தால் நீக்கிவிட்டுக் கேமராவில் போடுங்கள். இணையாவிட்டால் ஏபிஎன் என்ற, சிம் நிறுவனத்தின் டேட்டா இணைப்புப் பெயரைக் கையால் இட வேண்டியிருக்கும். 1 எம்பிபிஎஸ்-இல் ஒரு மணி நேரம் நேரலை பார்த்தால் 450 எம்பி போகும். நாளுக்கு 1.5 ஜிபி ப்ளானில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பதிவைக் கார்டில் விட்டு, அலர்ட் வந்தால் மட்டும் திறந்து பாருங்கள். சோலாருக்கு மேலே சொன்ன திசையும் சாய்வும்தான். தென்னை நிழல் நாள் முழுக்க நகரும் என்பதால், பேனல் வைக்கும் இடத்தை ஒரு முழுப் பகல் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போலீஸ் ஃபுட்டேஜ் கேட்டா வாட்ஸ்அப்ல அனுப்பினா போதுமா?

தேடுவதற்கு உடனடியாக அனுப்பலாம், சாட்சியமாக அது போதாது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், திரையைப் பதிவு செய்த படமும் மூலம் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறி, குறிக்கப்படும். முன்பு 65பி சான்றிதழ் என்று சொன்னதன் இன்றைய வடிவம் இது.

சம்பவம் தெரிந்ததும் கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், வேறு கார்டு போட்டுக் கேமராவைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். கழற்றாமல் விட்டால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிவிடும். எத்தனை நாள் அவகாசம் என்பது மேலே கார்டு கணக்கில் இருக்கிறது. கேமரா கடிகாரம் உண்மையான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருந்தது என்பதையும் அன்றே குறித்து, கார்டோடு சேர்த்து ஒப்படையுங்கள்.